புக்கிட் கியாரா நடைபாதையில் பழைய தோட்டத்தின் தடயங்களைப் படிப்பது எப்படி?

செந்தூல் நடையன் கேட்டது:

வணக்கம். எங்கள் தாமான் இளைஞர் குழுப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோலாலம்பூரில் உள்ள புக்கிட் கியாராவுக்குக் கூட்டிப்போக இருக்கிறோம். எல்லாரும் படிவம் 2 முதல் 5 வரை படிக்கிறவர்கள். வியர்க்க ஏறி, படம் பிடித்து, இறங்கி ரொட்டி சானாய் சாப்பிடுவதோடு முடிந்துவிடக் கூடாது. அந்தக் குன்று பால்மரத் (ரப்பர்) தோட்டமாக இருந்ததை அவர்களே தடயம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது எண்ணம்.

பொதுவாகத் தெரிந்தவை கையில் இருக்கின்றன. 1976-இல் கூட்டரசு அரசாங்கம் தோட்ட நிலத்தை எடுத்துக்கொண்டது. தொழிலாளர் குடும்பங்கள் 1982 முதல் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஓரத்தில் நீள்வீடுகளில் இருக்கிறார்கள். அங்குள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் மேம்பாட்டு உத்தரவை ரத்து செய்தது. வழக்கைப் பற்றிப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் மரத்தைச் சீவிப் பால் எடுத்தது எப்படி, லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எங்கே இருந்தது என்றால் முழிக்கிறார்கள்.

கேட்க நினைப்பவை: பாதையோரம் நிற்கும் பால்மரம் நட்டதா, தானாக முளைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையேட்டில் "நூறாண்டுப் பால்மரங்கள்" என்று போடலாமா? லயம், ஸ்டோர் இருந்த இடங்களுக்குத் தரையில் என்ன அடையாளம்? பழைய வரைபடம் எங்கே கிடைக்கும், அதைக் கைத்தொலைபேசி ஜிபிஎஸ்ஸோடு எப்படிப் பொருத்துவது?

பால்மரக்காடு:

முதல் வேலையாக அந்த "நூறாண்டு" வரியை எடுத்துவிடுங்கள். தோட்டத்தில் ஒரு மரத்தின் வருமான ஆயுள் 25 முதல் 30 ஆண்டு. அதற்கு மேல் பால் குறையும், சீவப் பட்டையும் இருக்காது. வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். போருக்குப் பிறகு 1952-இல் மறுநடவு நிதி வந்ததும் மலாயா முழுக்கப் பழைய மரங்கள் போய்ப் புதிய ரகங்கள் ஏறின. ஆக 1970-களில் வேலை நின்றுபோன தோட்டத்தில் இன்று நிற்பவை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தலைமுறை மரங்கள். "தோட்டம் பழையது, மரம் அதன் கடைசி நடவு" என்று சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. தண்டின் சுற்றளவை அளந்து வயது கணக்கிடவும் வேண்டாம். சீவிய மரம் மெதுவாகப் பருக்கும், வெயில் பட்ட ஓரத்து மரம் வேகமாகப் பருக்கும். ஒரே நாளில் நட்ட இரண்டு மரங்கள் அளவில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கும்.

நட்டதா, முளைத்ததா என்பதற்கு இரண்டு சாட்சி வேண்டும்: நட்ட வரிசையான நிரையும், சீவிய தடமான கோடும். ஒன்று மட்டும் போதாது.

நிரையைப் பார்க்கும் முறை: சரிவில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. குன்றில் நிரை சம உயரக்கோட்டை ஒட்டி வளைந்து போகும். ஒரு மரத்தடியில் நின்று, ஏறாமல் இறங்காமல் அதே மட்டத்தில் இடமும் வலமும் நடக்கச் சொல்லுங்கள். மூன்று முதல் ஆறு மீட்டருக்குள் அடுத்த மரம், அதே தூரத்தில் அதற்கடுத்தது என்று மூன்று மரம் வந்துவிட்டால் அது நிரை. நடுவில் ஒன்று விழுந்திருந்தால் இரட்டை இடைவெளி வரும், அதையும் கணக்கில் எடுங்கள். சமதரையில் பழைய நடவு 20 அடிக்கு 20 அடி. அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 108 மரம் வரும். பிற்கால நடவில் நிரைக்கு நிரை அகலம், மரத்துக்கு மரம் நெருக்கம். தானாக முளைத்தவை இந்த ஒழுங்குக்குள் வராது. பால்மரக்காய் வெயிலில் வெடித்து விதையைப் பல மீட்டர் தள்ளி எறியும். அதனால் தாய்மரத்தைச் சுற்றி ஒல்லியும் தடியுமாகக் கும்பலாக நிற்கும்.

இனி கோடு. மரத்தை முட்டி உயரத்திலிருந்து நெஞ்சு உயரம் வரை சுற்றிப் பாருங்கள். தண்டின் பாதிச் சுற்றை வளைத்துக்கொண்டு, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, சுமார் 30 பாகை சாய்வில் கோடு இறங்கும். ஏன் அந்தப் பக்கம் சாய்கிறது? பட்டைக்குள் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடுவதில்லை. கீழிருந்து மேலே போகையில் வலப்பக்கம் மூன்று முதல் ஐந்து பாகை சாய்ந்து போகும். இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் கூடுதல் குழாய் அறுபடும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் அதே உழைப்புக்குப் பால் குறைவு. பிள்ளைகள் ஒரு தாளைத் தண்டில் சுற்றிக் கோடு வரைந்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

சீவிய பட்டை மீண்டும் வளரும், ஆனால் அசல் பட்டை மாதிரி வராது. சீவாத இடம் வெடிப்பு வெடிப்பாக, பாசி படிந்து சொரசொரப்பாக இருக்கும். வளர்ந்த பட்டை வழுவழுப்பாக, நிறம் வேறாக, இரண்டு பக்கமும் செங்குத்து எல்லைக்கோட்டோடு ஒரு பலகை போலத் தெரியும். அந்த எல்லைக்கோட்டின் அடியில் விரலால் தடவுங்கள். பால் வடிந்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழ அடித்த தகரத் துண்டு சில மரங்களில் பட்டைக்குள் புதைந்து விளிம்பு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மங்கு தாங்கிய கம்பி வளையம் தண்டையே இறுக்கிப் பள்ளம் போட்டிருக்கும். தகர விளிம்பு கையைக் கிழிக்கும், ஆகவே பிள்ளைகள் கையுறையோடு தொடட்டும்.

எத்தனை ஆண்டு சீவினார்கள் என்றும் தோராயமாகச் சொல்ல முடியும். ஒரு சீவலுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் சீவினால், மழை நாளும் இலையுதிர் காலமும் கழித்து, ஆண்டுக்கு ஏறக்குறைய 25 செ.மீ. தண்டின் சுற்றளவு 50 செ.மீ. ஆனதும் ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்குவார்கள். ஆக ஒரு பக்கப் பட்டை ஆறு ஆண்டுக்கு வரும். இரண்டு பக்கமும் சீவியிருந்தால் பன்னிரண்டு. அதே இடத்தை இரண்டாம் முறை தொட்டிருந்தால் மேலும் கூடும். இது தோட்டக் கணக்கு, சான்றிதழ் அல்ல.

அடிக்கடி வரும் குழப்பம் ஒன்று: "மரம் வளரும்போது கோடும் மேலே போயிருக்கும்" என்பார்கள். போகாது. மரம் நுனியில் நீள்கிறது, தண்டில் விழுந்த வடு விழுந்த உயரத்திலேயே இருக்கும். அப்படியானால் தலைக்கு மேலே இரண்டு மீட்டருக்கு மேல் தெரியும் கோடுகள் எப்படி வந்தன? ஏணி வைத்தோ நீளக் கைப்பிடி உளியாலோ சீவியவை. கீழ்ப்பட்டை தீர்ந்த பிறகு, மரத்தை வெட்டப்போகும் கடைசி ஆண்டுகளில், இருக்கிற பாலையெல்லாம் எடுத்துவிடலாம் என்று செய்வது. ஆக உயரக் கோடு கிடைத்தால் அந்த மரத்துக்கு நாள் குறித்திருந்தார்கள் என்று அர்த்தம். கையேட்டில் படம் போட வேண்டிய மரம் அதுதான்.

தண்டில் முண்டு முண்டாக இருப்பது நோய் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விட்டுத்தான் உளியை நிறுத்த வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் கட்டையில் காயம் பட்டு அந்த இடம் புடைத்துக்கொள்ளும். விடியுமுன் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், முன்னூறு நானூறு மரத்தை வெயில் ஏறுவதற்குள் முடிக்கிற கைக்கு இந்த ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

அடித்தண்டையும் பாருங்கள். ஒட்டுக்கட்டிய மரம் அடியிலிருந்து மேல் வரை ஒரே பருமனாக உருளையாக இருக்கும். தரையை ஒட்டி ஒட்டு விழுந்த இடம் மட்டும் யானைக்கால் மாதிரி வீங்கியிருக்கும். விதையிலிருந்து வந்தது அடி பெருத்து மேலே கூம்பும். ஒட்டுமரம் மலாயாத் தோட்டங்களில் 1920-களுக்குப் பிறகுதான் பரவியது. ஆகவே நிரையில் யானைக்கால் மரம் நின்றால் அந்த நடவு அதற்குப் பிந்தியது. விதைமரம் நின்றால் பழையதாகவும் இருக்கலாம், பின்னால் முளைத்ததாகவும் இருக்கலாம். கோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

புடு வாசி:

நல்ல திட்டம், சகோ. தரையில் பழைய மங்கு ஒன்றிரண்டு கிடந்தால் எடுத்து வந்து தமிழ்ப்பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமே? யாரும் சீண்டாமல் மண்ணில் கிடப்பதுதானே.

லயத்து வீடு:

வேண்டாம். மங்கு கிடக்கும் இடம்தான் தடயம், அதைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஓடு. மரத்தடியில் ஒன்று தனியாகக் கிடந்தால் அது அந்த மரத்துடையது. ஐம்பது அறுபது குவிந்து கிடந்தால் சேமித்த இடமோ கொட்டிய இடமோ. பொருள் எது என்பதும் பேசும். சிரட்டை, கண்ணாடி, மெருகு போட்ட மண் மங்கு, நெகிழி என்று காலத்துக்கேற்ப மாறியிருக்கிறது, நெகிழி கடைசி. ஐம்பது சென் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, ஜிபிஎஸ் இடத்தைக் குறித்து, இருந்தபடியே விட்டுவிடுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசிய பாரம்பரியச் சட்டப்படி, பாரம்பரிய மதிப்புள்ளது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். தோண்டுவதற்கு அனுமதியும் வேண்டும். மங்கு அந்த அளவுக்குப் போகாது என்றாலும், பிள்ளைகளுக்குப் பழக்கம் முதலிலிருந்தே சரியாக வரட்டும்.

லயத்தைத் தேடுகிறவர்கள் சுவரைத் தேடுவார்கள், கிடைக்காது. பழைய லயங்கள் பலவும் தரையை விட்டு உயர்த்தி, செங்கல் அல்லது சிமெண்டுக் கால்கள் மேல் பலகை வீடாகக் கட்டியவை. பலகையும் தகரமும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். மிஞ்சுவது முட்டி உயரக் கால்கள். அவை இரண்டு மூன்று வரிசையாக, சம இடைவெளியில், நீளமாக ஓடும். அவற்றை ஒட்டிச் சிமெண்டு வாய்க்கால் ஒன்று ஓடினால் சந்தேகமே இல்லை, அது வீட்டு வரிசைதான். வாய்க்கால் போகிற பக்கம் தண்ணீர்க்குழாய் மேடையோ குளிக்கிற இடமோ இருக்கும்.

கால்களும் போய்விட்டால் செடிகளைக் கேளுங்கள். காட்டுக்கு நடுவில் மா, பலா, புளி, தென்னை நின்றால் யாரோ நட்டதுதான். கறிவேப்பிலை இன்னும் நல்ல சாட்சி. நிழலானாலும் வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுக்கொண்டே இருக்கும், தாய்மரம் பட்டுப் பல காலம் ஆனபின்னும் ஒரு புதராகத் தொடரும். முருங்கையை எதிர்பார்க்காதீர்கள். அது வெயில் மரம், மேலே காடு மூடியதும் செத்துவிடும். எனவே முருங்கை இல்லை என்பதால் அங்கே வீடில்லை என்று சொல்ல முடியாது. ஒரு மரத்தை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது. மாங்கொட்டையை நடைக்காரர்களும் வீசுகிறார்கள், குரங்கும் கொண்டுபோகிறது. மூன்று வகை ஒரே திட்டில், அதுவும் சமதரையில் இருந்தால்தான் குறித்துக்கொள்ளுங்கள்.

பாலைச் சேர்த்த ஸ்டோர் பக்கம் என்றால் சிமெண்டுத் தரையும் தொட்டியும். தொட்டியின் உள்பக்கச் சுவர் இரண்டிலும் எதிரெதிரே, இரண்டு விரல் அகல இடைவெளியில் செங்குத்தாகக் காடிகள் வெட்டியிருந்தால் அது பால் உறையவைத்த தொட்டி. காடிகளில் அலுமினியத் தகடுகளைச் செருகி, பாலில் தண்ணீரும் ஃபார்மிக் அமிலமும் கலந்து ஊற்றி உறைய விட்டு, தகடு தகடாக எடுத்து உருளையில் பிழிவார்கள். காடி இல்லாத தொட்டி வெறும் தண்ணீர்த் தொட்டியாகவும் இருக்கலாம். கரி படிந்த செங்கல் குவியல் பக்கத்தில் இருந்தால் புகைக்கொட்டகையாக இருந்திருக்க வாய்ப்பு உண்டு.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஒரே தோட்டத்தில் இரண்டு இடத்தில் லயத் தடயம் கிடைப்பது தவறல்ல. 1948-இல் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. 1950-இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தில் சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களையும் ஓரிடத்தில் கூட்டி முள்கம்பி போட்டார்கள். ஓரமாகத் தனித்திருக்கும் கால்கள் அதற்கு முந்தியதாகவும், ஆபீசுக்குப் பக்கத்துக் கூட்டம் பிந்தியதாகவும் இருக்கலாம். எந்தத் தோட்டத்தில் நடந்தது என்பதைத் தாளில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கோயிலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விட்டுவிடாதீர்கள். மாரியம்மன் குடியிருப்புக்குள் இருப்பாள், முனீஸ்வரர் எல்லையிலும் பாதை முகப்பிலும் இருப்பார். காட்டுக்குள் பாதை பிரியும் இடத்தில் ஒரு சூலமும் கல்லும் தென்பட்டால், அங்கே ஒரு காலத்தில் வண்டிப்பாதையோ தோட்ட எல்லையோ இருந்ததா என்று பாருங்கள். கோயிலில் ஆண்டு தேடும்போது மூன்று தவறு நடக்கும். சுவரில் இருக்கும் ஆண்டைக் கோயில் தோன்றிய ஆண்டு என்று எடுத்துக்கொள்வது முதல் தவறு, பெரும்பாலும் அது குடமுழுக்கு ஆண்டு. தமிழ் ஆண்டுப் பெயரை ஒரே ஆங்கில ஆண்டாக மாற்றுவது இரண்டாவது. துன்மதி என்றால் 1921-22 ஆகவும் இருக்கலாம், 1981-82 ஆகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுற்றில் எது என்பதை எழுத்து வடிவமும் உபயக்காரர் பதவியும் சொல்லும். கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்து வந்த மேஸ்திரி) என்று போட்டிருந்தால் முந்தியதற்கு வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தமிழகத்திலிருந்து ஆள் சேர்ப்பது 1938-இல் நின்றது. தை, மாசி, பங்குனியை மறப்பது மூன்றாவது. அந்த மாதங்கள் ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டுக்குள் வந்துவிடும். மணியின் விளிம்பையும் விளக்கின் அடியையும் பூசகரிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், மணியில் வெட்டிய எழுத்தை யாரும் அழிப்பதில்லை.

நீள்வீட்டுக்காரர்களைப் "பேட்டி" எடுக்கப் பத்துப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் வாசலில் நிறுத்தாதீர்கள். கோயில் நிர்வாகத்தின் மூலம் முன்கூட்டியே கேளுங்கள், இரண்டு மூன்று பேர் போதும். "தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது பாட்டி?" என்று தொடங்கினால் பொதுவான பதில்தான் வரும். "பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு நின்றீங்க, எந்த இடத்தில? பால் நிறுக்கிற இடம் கோயிலுக்கு எந்தப் பக்கம்? உங்க நிரை மேட்டிலயா பள்ளத்திலயா?" என்று கேளுங்கள். வரைபடத்தை நீட்டாதீர்கள், கோயிலை நடுவில் வைத்துக் கையால் காட்டச் சொல்லுங்கள். ஒட்டுப்பால், கட்டிப்பால், காண்டாவாளி என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அனுமதி இல்லாமல் பெயரையும் முகத்தையும் இணையத்தில் போடாதீர்கள்.

வரைபடப் பித்து:

மேலே சொன்னவற்றுக்குத் தாள் வழி.

நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் வெளியிட்ட பழைய நிலவரைபடங்களில் மைலுக்கு ஓர் அங்குலத் தொடர், அதாவது 1:63,360, உங்களுக்குப் போதும். அதில் ரப்பர்க் காட்டுக்குத் தனிக் குறி உண்டு, தோட்டப் பெயரும் பல இடங்களில் அச்சாகியிருக்கும். வாங்க முடியவில்லை என்றால் மலாயாப் பல்கலைக்கழக நூலகம், தேசிய ஆவணக் காப்பகம் என்று கேட்டுப் பாருங்கள். காப்பகம் ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில், அதாவது பழைய ஜாலான் டூத்தாவில், கியாராவிலிருந்து தூரமில்லை. அடையாள அட்டை கொண்டுபோங்கள். சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளும் அங்கேதான். நில விண்ணப்பம், தோட்ட மருத்துவமனை, தொழிலாளர் புகார் எல்லாம் அவற்றில் கிடக்கும்.

பொருத்தும் வேலைக்குக் கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். வரைபடத்தைத் தட்டையாக, நிழலில்லாமல் படம் பிடியுங்கள், மடிப்பு இருந்தால் அந்த இடம் கோணும். பிறகு இன்றைய வரைபடத்திலும் பழையதிலும் மாறாமல் இருக்கும் புள்ளிகள் ஆறேழு வேண்டும். ரயில் பாதை சாலையைக் கடக்கும் இடம், குன்று உச்சியின் அளவைத் தூண், பழைய சாலைச் சந்திப்பு இவை நல்லவை. ஆற்று வளைவை எடுக்காதீர்கள். கிள்ளான் ஆற்றையும் அதன் கிளைகளையும் வெள்ளத் தடுப்புக்காக நேராக்கிவிட்டார்கள், அதை நம்பினால் வரைபடமே திரும்பிக்கொள்ளும். புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கம் குவியாமல் நாலா மூலையிலும் இருக்கட்டும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். பழைய வரைபடத்தின் கட்ட எண்களை அப்படியே ஜிபிஎஸ்ஸில் தட்டுவார்கள். அந்த வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற பழைய அளவை அடித்தளத்தில் வரைந்தவை, கைத்தொலைபேசி பயன்படுத்துவது உலகளாவிய வேறொன்று. மாற்றாமல் போட்டால் கோலாலம்பூர்ப் பக்கம் கிழக்கு மேற்காக நூறு மீட்டருக்கு மேல் விலகும். லயம் இருக்கவேண்டிய இடத்தில் யாரோ ஒருவருடைய கார் நிறுத்துமிடம் வந்து நிற்கும். கண்ணால் பார்த்த புள்ளிகளை வைத்துப் பொருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. எப்படியும் மைலுக்கு ஓர் அங்குல வரைபடத்தில் பேனாக் கோட்டு அகலமே தரையில் பல மீட்டர். அதனால் "இந்தக் கால்தான் வரைபடத்தில் உள்ள கட்டடம்" என்று அடித்துச் சொல்லாதீர்கள், "இந்தத் திட்டு" என்று சொல்லுங்கள்.

செய்திகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தளம். மலாயா ஆங்கில நாளிதழ்களும் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் தேடக் கிடைக்கின்றன, பழையவற்றில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே படிக்கலாம். தோட்டக் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்ட அறிக்கை அந்தக் காலப் பத்திரிகைகளில் முழுசாக வரும்: எத்தனை ஏக்கர் நட்டது, எத்தனை ஏக்கர் சீவலில், எத்தனை ராத்தல் பால், கூலி என்ன. தேடும்போது எழுத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். 1972-இல் மலாய் எழுத்துமுறை மாறுவதற்கு முன் சுங்கை என்பதையும் ஆயர் என்பதையும் வேறு எழுத்தில்தான் அச்சிட்டார்கள். எழுத்துணரிக் கருவி வேறு கியாராவைக் கிளாரா என்று படித்து வைத்திருக்கக்கூடும், அதையும் போட்டுப் பாருங்கள். தோட்டத்து மக்கள் வழங்கும் பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாகவே இருக்காது. பெரியவர்களிடம் கேட்ட பெயரைத் தேடி ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிட வேண்டாம். கம்பெனிப் பெயர், அருகிலிருந்த ரயில் நிலையம், ஆறு இவற்றை வைத்துச் சுற்றி வளையுங்கள்.

தரையில் தூணும் இரும்புக் குழாயுமாக நில அளவைக் குறிகள் கிடைக்கும். எண்ணைப் படம் எடுங்கள், அசைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். பழைய பத்திரங்களில் தூரம் செயின் கணக்கில் இருக்கும். ஒரு செயின் 66 அடி, அதாவது 20.1 மீட்டர், 80 செயின் ஒரு மைல். பிள்ளைகளிடம் 20 மீட்டர்க் கயிறு ஒன்று கொடுத்தால் நிரை அளக்கவும் அதுவே ஆகும்.

கையேட்டுக்கு ஒரு விதி வையுங்கள்: தரை, தாள், வாய்மொழி, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போனால்தான் அச்சுக்குப் போகலாம். ஒன்று மட்டும் என்றால் கேள்விக்குறியோடு போடுங்கள்.

செந்தூல் நடையன்:

எல்லாருக்கும் நன்றி. "நூறாண்டு" வரி போயாச்சு. இரண்டு சந்தேகம். கியாராவில் சைக்கிள் பாதைகள் நிறைய, அவற்றுக்கும் தோட்டத்துப் படிமேடைக்கும் வித்தியாசம் எப்படி? எந்த மாதம் போனால் நன்றாகத் தெரியும்?

பால்மரக்காடு:

படிமேடை மலைப்பக்கம் உள்வாங்கிச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல் மரத்தடியில் நிற்பதற்காக. அகலம் ஒன்றரை, இரண்டு மீட்டர் இருக்கும், ஒரே மட்டத்தில் நீளமாகப் போகும், மரம் அதன் மேலேயே நிற்கும். சைக்கிள் பாதை அதற்கு நேர்மாறு. தண்ணீர் தேங்கக் கூடாது என்று வெளிப்பக்கம் சாய்த்திருப்பார்கள், ஏறி இறங்கி வளையும், மரத்தைச் சுற்றிப் போகும். சில இடங்களில் பழைய மேடையையே சைக்கிள் பாதையாக்கியிருப்பார்கள். அங்கே தடம் ஓடும் இடத்தைப் பார்க்காமல் இரண்டு பக்கமும் மேலும் கீழும் அதே மாதிரி மேடை இருக்கிறதா என்று பாருங்கள். தனி மேடை பாதையாக இருக்கலாம், அடுக்கடுக்காக நாலைந்து இருந்தால் தோட்டம். மேடைகளில் மண் பிடிக்க வெட்டிய நீள்சதுரக் குழிகள் உண்டு. இப்போது சருகு மூடித் தரை மாதிரியே தெரியும், கணுக்கால் திரும்பும். முன்னால் போகிறவர் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே போகட்டும்.

மாதம் என்றால் பிப்ரவரி. பால்மரம் இலையுதிர்ப்பது ஜனவரி முதல் மார்ச்சுக்குள். இலை செம்மஞ்சளாகி விழும்போது எதிர்க்குன்றிலிருந்து பார்த்தால் எது பால்மரம், எது காட்டுமரம் என்று நிறமே காட்டிக்கொடுக்கும், நிரையின் வளைவும் தெரியும். விதை பொறுக்க ஆசைப்பட்டால் ஆகஸ்ட், செப்டம்பர்.

காலை ஏழு மணி:

நடைமுறை விஷயம் மட்டும் சொல்கிறேன். ஏழரைக்குக் கிளம்புங்கள், அதற்கு முன் காட்டுக்குள் கோடு தெரிகிற வெளிச்சம் இருக்காது. பதினொன்றரைக்குள் இறங்கிவிடுங்கள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பரில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வரும், குன்று முகட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தடயம் பார்க்கிற நடை சாதாரண நடையை விட இரண்டு மடங்கு நேரம் இழுக்கும். ஆகையால் தூரத்தைப் பாதியாக்குங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், முழுக்கால்சட்டை, நீளக் காலுறை. பாதையை விட்டு விலகும்போது ஒரு சமயம் நான்கு பேர் போதும், ஒரு பெரியவர் பாதையிலேயே நிற்கட்டும். தகரமோ பலகையோ மூடியிருக்கும் இடத்தில் ஏறக் கூடாது, கீழே கிணறு இருக்கலாம். சைக்கிள் தடத்தில் கூட்டமாக நின்று மரம் பார்க்காதீர்கள், இறக்கத்தில் வருகிறவருக்குப் பிரேக் பிடிக்க இடம் இருக்காது. தடத்துக்கு மேல்பக்கம் ஏறி நில்லுங்கள்.

பின்னால் சிலாங்கூர்ப் பக்க நிரந்தரக் காடுகளுக்குப் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். புக்கிட் தாபூர் மாதிரி செங்குத்தான பாறை முகடுகளைப் பள்ளிப் பிள்ளைகளோடு நினைக்கவே வேண்டாம். அடுத்த நடைக்குக் கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தை வையுங்கள். ஈயம் தோண்டியும் காய்கறி போட்டும் மொட்டையாகிப்போன நிலத்தில் 1926-இலிருந்து ஆள் நட்டு வளர்த்த காடு அது, 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கியாராவில் நிரை பார்க்கப் பழகிய பிள்ளைகளுக்கு அங்கே நட்ட காடும் தானாக வந்த காடும் உடனே பிரிந்து தெரியும். புக்கிட் நானாஸ் இன்னொரு வகை. 1906-இல் காப்புக்காடாக்கிய இடம், நகர நடுவில் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், மழை சந்தேகமுள்ள நாளுக்கு அதை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் பெற்றோர் கையெழுத்து, 999 தவிர அருகிலுள்ள தீயணைப்பு நிலைய எண், முழுசாக மின்னேற்றிய கைத்தொலைபேசி இரண்டு. வரைபடத்தை இணையமில்லாமலும் திறக்கிற மாதிரி முன்னிரவே இறக்கி வையுங்கள், பள்ளப் பகுதியில் அலைவரிசை விட்டுவிட்டு வரும்.